கேர்னலுக்குப் புரொசஸரை அறிமுகம் செய்தல்: டிவைஸ் ட்ரீயில் சிபியூ கணுக்களை எழுதும் முறை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் என் வேலை மேசையில் கிடக்கும், ஆறு கோர் (கணிப்பு அலகு) கொண்ட சிறு கணினிப் போர்ட் ஒன்று, சில மாதங்களுக்கு முன்னர் என்னுடைய இரண்டு நாள்களை விழுங்கியது. கோப்பாயிலும் உரும்பிராயிலும் தோட்டக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் அளக்கும் சிறு கருவிகளிடமிருந்து தரவைப் பெற்றுச் சேமிக்கும் மையப் பெட்டிக்காக அதை வாங்கியிருந்தேன். கிணற்றைப் பார்க்க ஆறு கோர் எதற்கு என்று கேட்டால், கையில் அகப்பட்டது அதுதான் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. போர்ட்டோடு வந்த பழைய லினக்ஸ் கேர்னலை, அதாவது பணிசெயல் முறைமையின் மையப் பகுதியை, விலக்கிவிட்டுப் புதியதை ஏற்ற விரும்பியதால், புரொசஸரைப் பற்றிய விவரத்தை நானே எழுத வேண்டியிருந்தது. ஆறு கோர்களுக்கும் 0 முதல் 5 வரை இலக்கமிட்டு எழுதி மின்னைக் கொடுத்தபோது, உதவிக்கு நின்ற மாணவன் திரையைப் பார்த்துச் சொன்னான்: "அண்ணை, நாலு கோர்தான் எழும்புது. மற்ற ரெண்டும் எழும்புதில்லை."

போர்ட்டில் பிழை எதுவும் இல்லை. நான் கோர்களை விரலால் எண்ணி எழுதினேன்; சிலிக்கனிடம் கேட்டு எழுதவில்லை. கேர்னலுக்குக் கண் கிடையாது, நாம் எழுதிக் கொடுப்பதை அது அப்படியே நம்பும் என்ற ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் ஒவ்வொரு படியும் ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கும்.

பாடப்புத்தகத்தில் பணிசெயல் முறைமை, முறைவழியாக்கி என்று படித்தவற்றை மேசையில் கேர்னல், புரொசஸர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இங்கும் அவ்வாறே எழுதுகிறேன். பண்புகளின் பெயர்கள் கோப்பில் ஆங்கில எழுத்தில் இருக்கும். அவற்றை ஒலிப்படி தருகிறேன்.

ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும்

மேசைக் கணினியில் எத்தனை கோர் இருக்கின்றன, எவை எங்கே இருக்கின்றன என்பதைத் தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான நிலைபொருள் (ஃபேர்ம்வெயார்), ஏசிபிஐ எனப்படும் வன்பொருள் விவர அட்டவணைகளாகக் கேர்னலிடம் ஒப்படைக்கிறது. ஆர்ம் வகைப் புரொசஸர் கொண்ட சிறிய போர்ட்களில் பெரும்பாலும் அந்த ஏற்பாடு இல்லை. சில்லுக்குள் இருக்கும் உறுப்புகள் பல, தாம் இருப்பதைத் தாமாக அறிவிக்கும் வசதியற்றவை. இல்லாத முகவரி ஒன்றைத் தட்டிப் பார்த்தால் முழு முறைமையுமே உறைந்துபோகலாம். ஆகவே வன்பொருளின் விவரம் டிவைஸ் ட்ரீ எனப்படும் மரவடிவக் கோப்பாக எழுதப்பட்டு, துவித வடிவத்துக்குத் தொகுக்கப்பட்டு, கேர்னலை ஏற்றிவிடும் பூட்லோடரால் அதன் கையில் கொடுக்கப்படுகிறது.

இந்த எண்ணம் 1994இல் வெளியான ஓப்பன் ஃபேர்ம்வெயார் நியமத்திலிருந்து வருவது; சன் நிறுவனத்தின் ஸ்பார்க் கணினிகளும் பவர்பிசி கணினிகளும் அதைப் பயன்படுத்தின. ஆர்ம் உலகத்தில் அக்காலத்தில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனி சி கோப்பு கேர்னலுக்குள்ளேயே எழுதப்பட்டது. அக்குவியலை 2011இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாகக் கண்டித்த பின்னரே ஆர்ம் போர்ட்கள் டிவைஸ் ட்ரீக்கு வேகமாக மாறின. 64 பிட் ஆர்ம், 2012 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 3.7இல் சேர்ந்தபோது தொடக்கத்திலிருந்தே இம்முறையிலேயே வந்தது.

எழுதுவதற்கு முன்: சிலிக்கனைக் கேளுங்கள்

முதலில் யூஎஸ்பி சீரியல் கம்பியை இணையுங்கள். மூன்று இழைகள் போதும். ஆனால் கம்பி 3.3 வோல்ற்று வகையா என்பதைப் பார்த்த பிறகே மாட்டுங்கள். வேகம் பெரும்பாலான போர்ட்களில் 115200. ரொக்சிப் நிறுவனத்தின் சில்லுகளில் வழமையாக 1500000. திரையில் குப்பை எழுத்துகள் வந்தால் கம்பியைச் சந்தேகிக்குமுன் வேகத்தை மாற்றிப் பாருங்கள்.

போர்ட்டோடு வந்த கேர்னல் எவ்வளவு பழையதாக இருந்தாலும், அழிப்பதற்கு முன் ஒரு தடவை அதை ஓடவிட்டுப் பூட் பதிவு முழுவதையும் கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். நான் செய்யாமல் விட்டது இதைத்தான். அண்மைக்கால 64 பிட் ஆர்ம் கேர்னலின் முதல் வரியே 'பூட்டிங் லினக்ஸ் ஆன் பிசிக்கல் சிபியூ' என்று தொடங்கி, ஓர் எண்ணையும் அதன் பின் பகர அடைப்புக்குள் இன்னோர் எண்ணையும் தரும். மற்றக் கோர்கள் ஒவ்வொன்றும் விழிக்கும்போது 'பூட்டட் செகண்டரி புரொசஸர்' என்ற வரி வரும். அதிலும் அதே போன்ற இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது எண், கோர் தன்னைப் பற்றிச் சொல்லும் முகவரி. இரண்டாவது, அந்தக் கோர் எந்த இனம் என்பதைச் சொல்லும் அடையாளம்.

இரண்டாவதை எப்படி வாசிப்பது என்பதைச் சற்று அருகில் பார்ப்போம். பதிவில் 410எஃப்டி034 என்று வந்தால், முதல் இரண்டு இலக்கமான 41 ஆர்ம் நிறுவனத்தின் வடிவமைப்பு என்பதைக் குறிக்கும். கடைசி நான்கில் முதல் மூன்றான டி03 என்பதே கோரின் இனம்: அது கோர்டெக்ஸ்-ஏ53. டி08 என்று இருந்தால் கோர்டெக்ஸ்-ஏ72. 32 பிட் கோர்களில் சி07 என்றால் கோர்டெக்ஸ்-ஏ7, சி08 என்றால் கோர்டெக்ஸ்-ஏ8. இறுதி இலக்கம் திருத்தப் பதிப்பு. விற்பனைப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும் இந்த எண் சொல்வதையே நம்புங்கள்.

பழைய கேர்னல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அது எந்த மரத்தை வாங்கி ஓடுகிறது என்பதையும் பிரித்தெடுக்கலாம். புரொக் அடைவுக்குள் இருக்கும் டிவைஸ்-ட்ரீ என்ற அடைவு அம்மரத்தைக் கோப்புகளாக விரித்துக் காட்டும். டிடிசி தொகுப்பானுக்கு உள்ளீட்டு வகை எஃப்எஸ் என்றும் வெளியீட்டு வகை டிடிஎஸ் என்றும் சொன்னால், முழு மரத்தையும் வாசிக்கக்கூடிய உரையாகத் தரும். இது உங்களுக்குச் சான்று மட்டுமே. போர்ட்டோடு வரும் மரங்களில் புதிய கேர்னல் அறியாத பண்புகள் ஏராளமாக இருக்கும் என்பதால் அப்படியே நகல் எடுக்க வேண்டாம்.

சிபியூஸ் கணுவும் ரெக் என்ற ஒரு வரியும்

மரத்தின் வேருக்கு நேர் கீழே 'சிபியூஸ்' என்ற கணு (மரத்தின் ஒரு கிளைப்பதிவு) இருக்க வேண்டும். அதில் இரண்டு பண்புகள் கட்டாயம்: பிள்ளைக் கணுக்களின் முகவரிக்கு எத்தனை 32 பிட் கலங்கள் என்பதைச் சொல்லும் அட்ரஸ்-செல்ஸ், அளவுக்கு எத்தனை என்பதைச் சொல்லும் சைஸ்-செல்ஸ், இரண்டின் முன்னும் இலக்கக் குறியான # வரும். சைஸ்-செல்ஸ் எப்போதும் 0. நினைவகத்துக்குத் தொடக்கமும் நீளமும் உண்டு. கோருக்கு முகவரி மட்டுமே உண்டு.

ஒவ்வொரு கோருக்கும் ஒரு பிள்ளைக் கணு. அதில் டிவைஸ்_டைப் 'சிபியூ' என்று இருக்க வேண்டும். கொம்பாட்டிபிள் என்பது 'ஆர்ம்' என்ற முன்னொட்டும் காற்புள்ளியும் இனப்பெயரும் சேர்ந்து வரும். இவை எளிது. கழுத்தைப் பிடிப்பது ரெக்.

ரெக்கில் எழுத வேண்டியது வரிசை இலக்கம் அன்று. கோருக்குள் இருக்கும் எம்பிஐடிஆர் என்ற பதிவகத்தில் அந்தக் கோர் தன் முகவரியாக வைத்திருக்கும் எண். நம் ஊர் முகவரி முறையை நினைத்துக்கொள்ளுங்கள். தபாற்காரருக்கு ஊரில் மொத்தம் எத்தனை வீடு என்பது பயன்படாது. எந்த ஒழுங்கை, அதில் எத்தனையாம் இலக்க வீடு என்பதே வேண்டும். எம்பிஐடிஆரில் கடைசி 8 பிட் வீட்டு இலக்கம், அதற்கு முந்திய 8 பிட் ஒழுங்கை, அதற்கும் முந்திய 8 பிட் குறிச்சி. 64 பிட் புரொசஸர்களில் 32ஆம் பிட்டிலிருந்து 39ஆம் பிட் வரை இன்னொரு மட்டமும் உண்டு. அட்ரஸ்-செல்ஸ் 1 என்றால் கீழ் 24 பிட்டுகளை மட்டும் எழுதினால் போதும். 2 என்றால் முதற்கலத்தில் அந்த மேல் மட்டத்தையும் இரண்டாம் கலத்தில் கீழ் 24 பிட்டுகளையும் எழுத வேண்டும்.

இப்போது என் போர்ட்டுக்கு வருகிறேன். அதில் இருந்தது ரொக்சிப்பின் ஆர்கே3399 சில்லு: நான்கு கோர்டெக்ஸ்-ஏ53, இரண்டு கோர்டெக்ஸ்-ஏ72. சிறிய நான்கும் ஓர் ஒழுங்கை, பெரிய இரண்டும் மறு ஒழுங்கை. ஆகவே பதினறும எண்ணில் சிறியவற்றின் முகவரி 0, 1, 2, 3. பெரியவற்றின் முகவரி 100, 101. நான் எழுதிய 4உம் 5உம் இல்லாத வீடுகள். கேர்னல் அந்த முகவரிகளை எழுப்புமாறு நிலைபொருளைக் கேட்டது. நிலைபொருள் அப்படி ஒரு வீடே இல்லை என்று மறுத்தது. பதிவில் கோர் 4க்கும் 5க்கும் −22 என்ற பிழை எண் வந்தது. செல்லாத உள்ளீடு என்பதே −22இன் பொருள். அன்றே அதை நின்று வாசித்திருந்தால் இரண்டு நாள் மிஞ்சியிருக்கும்.

இத்துடன் தெளிந்துவிட்டோம் என்று எண்ணி 100 என்றால் இரண்டாம் ஒழுங்கையின் முதல் வீடு என மனனம் செய்துவிடாதீர்கள். ஆர்கே3588 சில்லில் எட்டுக் கோர்களின் முகவரிகள் 0, 100, 200 என்று தொடங்கி 700 வரை செல்கின்றன. அங்குள்ள கோர்டெக்ஸ்-ஏ55, ஏ76 போன்ற புதிய கோர்களில் கடைசி 8 பிட் செயல் இழைக்கு (திரெட்) ஒதுக்கப்பட்டு 0 ஆகவே நிற்க, கோர் இலக்கம் ஒரு மட்டம் மேலே போய்விட்டது. அதே 100 அங்கே இரண்டாவது சிறிய கோரைக் குறிக்கும். றாஸ்பெரி பை 2இல் முதற்பதிப்பின் பிசிஎம்2836 சில்லோ இன்னும் வேடிக்கையானது: கோர்டெக்ஸ்-ஏ7 நான்கும் எஃப்00 முதல் எஃப்03 வரை இலக்கமிடப்பட்டவை, 0 என்ற கோரே அதில் இல்லை. எந்தச் சில்லிலும் ஊகிக்க வேண்டாம். பூட் பதிவைப் பாருங்கள்.

பதிவகத்தை நீங்களே நேரடியாக வாசித்தால் ஒரு கவனம் தேவை. வாசிக்கும் மதிப்பு 80000100 போல வரும். முன்னால் நிற்கும் 8, எப்போதும் 1 ஆக இருக்கும் 31ஆம் பிட். அதுவும் 30ஆம், 24ஆம் பிட்டுகளும் முகவரியின் பகுதிகள் அல்ல. அவற்றை நீக்கிய பிறகே ரெக்கில் எழுத வேண்டும்.

கணுவின் பெயரில் அட் குறிக்குப் பின்னால் வரும் எண்ணும் ரெக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்; மாறினால் தொகுப்பான் எச்சரிக்கும். இரண்டு கணுக்களுக்கு ஒரே ரெக் கொடுத்தாலும் கேர்னல் குறை சொல்லும். எந்தக் கோரில் பூட் ஆகிறதோ அதன் முகவரி மரத்தில் இல்லாவிட்டால், 64 பிட் கேர்னல் மற்றக் கோர்களை எழுப்பாமல் ஒற்றைக் கோரிலேயே ஓடும். போர்ட் வேலை செய்கிறது, ஆனால் மந்தமாக இருக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால் நான் முதலில் பார்ப்பது இதையே.

யார் எழுப்புவது

மின் வந்ததும் வழமையாக ஒரு கோர் மட்டுமே கேர்னலுக்குள் நுழைகிறது. மற்றவற்றை எப்படி எழுப்புவது என்பதை எனேபிள்-மெதட் என்ற பண்பு சொல்கிறது. 64 பிட் ஆர்மில் ஒவ்வொரு கோர் கணுவிலும் அது இருக்க வேண்டும். இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது பிஎஸ்சிஐ. கேர்னலுக்கும் கீழே, பாதுகாப்பான மட்டத்தில் உட்கார்ந்திருக்கும் நிலைபொருளிடம் கேர்னல் கேட்கும், அது கோரை எழுப்பிக் கொடுக்கும். இதற்கு வேரின் கீழ் பிஎஸ்சிஐ என்ற தனிக் கணுவும் அதில் மெதட் என்ற பண்பும் வேண்டும். நிலைபொருளை நேரடியாகக் கேட்டால் மெதட் 'எஸ்எம்சி'; இடையில் மெய்நிகர்க் கணினிகளை நடத்தும் ஹைப்பர்வைசர் இருந்தால் 'எச்விசி'. நிலைபொருள் உண்மையில் பிஎஸ்சிஐயை வழங்குகிறதா என்பதை உறுதிசெய்யாமல் எழுத வேண்டாம்: கேட்பதற்கு ஆளில்லாத கதவைத் தட்டும் கேர்னல் அந்த இடத்திலேயே விழுந்துவிடலாம்.

இரண்டாவது ஸ்பின்-டேபிள். இதில் நிலைபொருளின் பங்கு மிகக் குறைவு. துணைக் கோர்கள் நினைவகத்தின் ஓர் இடத்தைப் பார்த்தபடி சுற்றிக்கொண்டிருக்கும். கேர்னல் அங்கே தொடக்க முகவரியை எழுதியதும் அவை அங்கே தாவும். அந்த இடத்தைச் சொல்வது சிபியூ-ரிலீஸ்-அட்ர் என்ற 64 பிட் பண்பு (கடைசிச் சொல் கோப்பில் ஏடிடிஆர் என்ற நான்கெழுத்துச் சுருக்கமே). றாஸ்பெரி பை 3இன் 64 பிட் மரத்தில் அவ்விடங்கள் பதினறும டி8, இ0, இ8, எஃப்0. அந்த நினைவகப் பகுதியைக் கேர்னல் வேறெதற்கும் எடுத்துக்கொள்ளாதபடி ஒதுக்கி வைக்க வேண்டும். மறந்தால் சில நாள் பூட் ஆகும், சில நாள் ஆகாது, அந்த வகைப் பிழையைத் தேடுவதைப் போன்ற தொல்லை வேறில்லை. ஸ்பின்-டேபிளில் எழுப்பிய கோரைத் திரும்பப் படுக்கவைக்கவும் முடியாது. இரண்டும் கிடைக்கும் இடத்தில் நான் பிஎஸ்சிஐயையே எடுப்பேன்.

பெரியதும் சிறியதும், பதுக்கு நினைவகமும்

எல்லாக் கோரும் ஒரே இனமாயின் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லலாம். இரண்டு இனங்கள் இருந்தால், சிபியூஸ் கணுவுக்குள் சிபியூ-மேப் என்ற கணுவை எழுதி, எந்தக் கோர் எந்தக் கொத்தில் (கிளஸ்டரில்) சேர்ந்தது என்பதைச் சுட்ட வேண்டும். அத்துடன் கப்பாசிட்டி-டிமிப்ஸ்-மெகாஹேர்ட்ஸ் என்ற பண்பும் தேவை: ஒரே மீடிறனில் (கடிகார வேகத்தில்) ஓடினால் ஒரு கோர் மற்றதோடு ஒப்பிடுகையில் எவ்வளவு வேலை செய்யும் என்பதை அது சொல்கிறது. ஆர்கே3399இன் மரத்தில் பெரிய கோருக்கு 1024, சிறியதற்கு 485. இப்பண்பை ஒரு கோருக்கு எழுதி இன்னொன்றுக்கு விட்டுவிட்டால், கேர்னல் எல்லாவற்றையும் புறக்கணித்து அனைத்துக் கோரும் சமன் என்றே கொள்ளும். கனமான வேலை சிறிய கோரில் போய் விழும்.

பதுக்கு நினைவகத்துக்கு (கேஷ்) தனிக் கணு எழுதி, கோர்களிலிருந்து நெக்ஸ்ட்-லெவல்-கேஷ் என்ற பண்பால் சுட்டுங்கள். மட்டம், மொத்த அளவு, வரி நீளம் ஆகியவை சில்லின் கையேட்டில் இருக்கும்.

மீடிறனும் வோல்ற்றளவும்

எரிந்து போகக்கூடிய பகுதி இதுதான் என்பதால் மெதுவாகச் செல்கிறேன். வெளிநாட்டிலிருந்து புதிய போர்ட் வந்து சேர வாரக்கணக்காகும் ஊரில் இந்த எச்சரிக்கைக்குக் கூடுதல் மதிப்பு உண்டு.

கோர் எந்த மீடிறன்களில் ஓடலாம், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வோல்ற்றளவு வேண்டும் என்பதை ஓபிபி அட்டவணை சொல்கிறது. ஒவ்வொரு வரியிலும் மீடிறன் ஹேர்ட்ஸிலும், வோல்ற்றளவு மைக்ரோவோல்ற்றிலும் எழுதப்படும்: 408 மெகாஹேர்ட்ஸ் என்றால் 408000000, 0.825 வோல்ற்று என்றால் 825000. மீடிறன் 64 பிட் எண்ணாக இருக்க வேண்டும். கோப்பில் எண்ணுக்கு முன் 64 பிட் என்று குறிக்க மறந்தால் தொகுப்பான் அதை 32 பிட் கலமாக எழுதிவிடும். கேர்னலால் அதை வாசிக்க முடியாது. வோல்ற்றளவுக்கு மூன்று எண் கொடுப்பதாயின், முதலில் இலக்கு, அடுத்து குறைந்தது, பின்னர் கூடியது. சிறியதிலிருந்து பெரியது என்று கை தானாக எழுதிவிடும், கவனியுங்கள். ஒரே கடிகாரத்தைப் பகிரும் கோர்களுக்கு ஒரே அட்டவணையைக் கொடுத்து, அதில் ஓபிபி-ஷேர்ட் என்ற பண்பையும் சேருங்கள்.

அட்டவணை சில்லுக்கு உரியது. ஆனால் அந்த வோல்ற்றளவைக் கொடுக்கும் சீராக்கி போர்ட்டில் பற்றவைக்கப்பட்ட தனி உறுப்பு. ஆகையால் கோர்கள், அட்டவணை, பதுக்கு நினைவகம் எல்லாம் சில்லின் பொதுக் கோப்பான டிடிஎஸ்ஐயில் இருக்க, சிபியூ-சப்ளை என்ற வரி மட்டும் போர்ட்டின் டிடிஎஸ் கோப்பில் இருப்பதே முறை. எது சில்லுக்குள் இருக்கிறது, எது பலகையில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டால், எந்தக் கோப்பில் எழுதுவது என்பதற்கும் விடை கிடைத்துவிடும்.

சிபியூ-சப்ளையை எழுத மறந்தால் கேர்னல் பிழை எதுவும் சொல்லாமலிருக்கலாம்; மீடிறனை மட்டும் உயர்த்தி, வோல்ற்றளவை இருந்த இடத்திலேயே விட்டுவிடும். குறைந்த வோல்ற்றளவில் கூடிய மீடிறன் என்றால் சுமை ஏறும்போது கோர் தடுமாறி, முறைமை உறையும். எனவே முதற்பூட்டில் இரண்டு குறைந்த மீடிறன்களை மட்டும் அட்டவணையில் வைத்து, மல்டிமீற்றரால் சீராக்கியின் வெளியீட்டை அளந்து, மாற்றம் நடக்கிறதா என்று பார்த்த பின் மற்ற வரிகளைச் சேருங்கள்.

நம் பெட்டி தகரக் கூரைக்கடியில் சித்திரை வெயிலில் நிற்கப்போகிறது என்றால், கோர் கணுவில், முன்னால் # குறியோடு வரும் கூலிங்-செல்ஸ் பண்பை 2 என்று எழுதி, வெப்பநிலை எல்லை ஒன்றையும் அமையுங்கள். எல்லை மில்லிபாகையில் எழுதப்படும். 70 பாகை செல்சியஸ் என்றால் 70000. வெறும் 70 என்று எழுதினால் கேர்னலுக்கு எந்நேரமும் கொதிநிலைதான்.

உறக்க நிலைகள்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்ட காலத்துக்குப் பிறகு, பற்றரியில் ஓட முடியாத எதையும் நான் அமைப்பதில்லை. மையப் பெட்டிக்குப் பெரும்பாலான நேரம் வேலை இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கிணற்றுத் தரவு வரும். இடையில் கோர்கள் உறங்கினால் வலு மிஞ்சும்.

இதற்கு ஐடில்-ஸ்டேட்ஸ் கணு எழுதி, என்ட்ரி-மெதட் 'பிஎஸ்சிஐ' என்று கொடுக்க வேண்டும். ஒவ்வொரு உறக்க நிலைக்கும் மூன்று கால அளவுகள் உண்டு: உறங்கச் செல்ல எடுக்கும் நேரம், விழிக்க எடுக்கும் நேரம், உறங்கியதால் பயன் கிடைக்க வேண்டுமாயின் குறைந்தது எவ்வளவு நேரம் உறங்க வேண்டும் என்பது. ஆர்கே3399இல் தனிக் கோரின் உறக்கத்துக்கு அவை முறையே 120, 250, 900 மைக்ரோசெக்கன். கொத்து முழுவதற்கும் 400, 500, 2000. இவற்றைக் குறைத்து எழுதினால் கேர்னல் ஓயாமல் உறங்கி விழித்து, மிச்சம் பிடிக்க நினைத்த வலுவையே செலவழிக்கும்.

நிலைபொருளுக்கு அனுப்பப்படும் சஸ்பெண்ட் மதிப்பு, நிலைபொருள் எதிர்பார்ப்பதோடு சரியாகப் பொருந்த வேண்டும். உறக்கத்தில் கோரின் சொந்த ரைமரும் நின்றுவிடுமானால் லோக்கல்-டைமர்-ஸ்டாப் என்ற பண்பைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால், நின்றுபோன ரைமர் தன்னை எழுப்பும் என்று நம்பிக் கோர் உறங்கிவிடும். யாரோ சீரியல் கம்பியில் ஒரு விசையை அழுத்தும்வரை எழும்பாது. விசையைத் தட்டினால் மட்டும் நகரும் போர்ட்டைக் கண்டால் இந்த வரியைத் தேடுங்கள்.

ரைமர் கணுவுக்கும் ஒரு சொல். 64 பிட் ஆர்மில் அதற்கு வழமையாக நான்கு இன்டரப்ட் இலக்கங்கள் வரிசையாக வரும்: 13, 14, 11, 10. அதில் கடிகார மீடிறனை எழுதும் வசதி இருந்தாலும் எழுத வேண்டாம். அந்த மதிப்பை நிலைபொருளே பதிவகத்தில் இட வேண்டும். இடாவிட்டால் நிலைபொருளைத் திருத்துங்கள்.

ஆர்ம் அல்லாத ரிஸ்க்-வி வகைப் புரொசஸர் கொண்ட போர்ட்டில் வேலை செய்பவர்களுக்கு ரெக் என்பது ஹார்ட் (வன்பொருள் இழை) இலக்கம். எம்எம்யூ (நினைவக முகாமை அலகு) வகை, கட்டளைத் தொகுதி, ரைமர் மீடிறன் ஆகியவற்றையும் அங்கே எழுத வேண்டும். ஜேஎச்7110 சில்லில் 0 இலக்கக் கோர் லினக்ஸை ஓட்டக்கூடிய வகை அன்று; மரத்தில் அது முடக்கி வைக்கப்பட்டிருப்பதைக் கண்டு திருத்த முயல வேண்டாம்.

தொகுத்தலும் சோதித்தலும்

கேர்னல் மரத்திலுள்ள டிடிஎஸ் கோப்புகள் சி முன்செயலியைக் கடந்த பிறகே தொகுக்கப்படுகின்றன. டிடிசியை நேரடியாக ஏவினால் இன்குளூட் வரியிலேயே நின்றுவிடும். கேர்னல் அடைவிலிருந்து மேக் கட்டளையை டிடிபிஎஸ் என்ற இலக்கோடு கொடுங்கள். பின்னர் டிடிபிஎஸ்_செக் என்ற இலக்கை ஓடவிட்டால், ஒவ்வொரு கணுவும் அதற்கென யாமல் என்ற உரை வடிவில் எழுதப்பட்ட வரைவிலக்கணத்தோடு ஒப்பிடப்படும். எழுத்துப் பிழையான பண்பைக் கேர்னல் மௌனமாக ஒதுக்கிவிடும். இந்தச் சோதனை மட்டுமே அதைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் ரெக் 4 என்பது வீடில்லாத முகவரி என்று இதனாலும் சொல்ல முடியாது.

போர்ட் எழுந்ததும் சிஸ் அடைவில் சிபியூ பகுதிக்குள் பொசிபிள், ஒன்லைன் என்ற இரு கோப்புகளையும் வாசியுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் எல்லாக் கோரும் விழித்துவிட்டன. ஒவ்வொரு கோரின் அடைவிலும் சிபியூ_கப்பாசிட்டி கோப்பு பெரியவற்றுக்குக் கூடிய எண்ணைக் காட்டுகிறதா, பதுக்கு நினைவகம் சரியான கோர்களோடு பகிரப்படுகிறதா என்று பாருங்கள். பிஎஸ்சிஐ என்றால் ஒரு துணைக் கோரின் ஒன்லைன் கோப்பில் 0 எழுதிப் படுக்கவைத்து, 1 எழுதி எழுப்புங்கள்; நூறு தடவை செய்தும் தடுமாறாவிட்டால் எழுப்பும் வழி சரி. அதன் பின் எல்லாக் கோர்களிலும் முழுச் சுமையை ஏற்றி, மீடிறன் மேலேறும்போது சீராக்கியின் வோல்ற்றளவும் சேர்ந்து ஏறுகிறதா என்பதை மல்டிமீற்றரில் பார்த்தபடி ஒரு மணித்தியாலம் ஓடவிடுங்கள்.

கோப்பாய்ப் பெட்டியின் மூடிக்கு உட்புறத்தில் பூட் பதிவின் ஆறு வரிகளை அச்சிட்டு ஒட்டியிருக்கிறேன்: முதற்கோரின் வரி ஒன்று, துணைக் கோர்களின் வரி ஐந்து. அடுத்த முறை கேர்னலை மாற்றப்போவது அந்த மாணவனாகவே இருக்கும். கடைசி இரண்டு வரிகளிலும் 100, 101 என்ற இடத்தைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருப்பதும் அவன்தான்.